28 நாளுக்கு ஒரு லெட்ஜர்

"படிச்சது பி.காம்., பார்க்கிறது பாங்க் வேலை, உங்களுக்கும் ஏரோப்ளேனுக்கும் என்ன சார் சம்பந்தம்?" என்று என்னைக் கேட்காத ஆளே இல்லை. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டதால், மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன். இனிமேல் கேட்பவர்களை இந்தப் பக்கம் அனுப்பிவிடலாம் :-)

மகள் பத்தாவது படிக்கும்போது எனக்குத் திருவனந்தபுரத்துக்கு மாற்றல் வந்தது. இப்போது பிளஸ் டூ. பள்ளிக்கூடத்தை நடுவில் மாற்ற முடியாது என்று குடும்பம் தருமபுரியிலேயே இருக்கிறது (மாற்றலாகும் எல்லா வங்கிக்காரரும் சொல்கிற காரணம். எல்லோர் விஷயத்திலும் உண்மைதான்). நான் தங்கியிருப்பது சாக்கைக்குப் பக்கத்தில். மொட்டை மாடியில் நின்றால் விமானம் இறங்குவது தெரியும். எங்கள் ஊரில் விமானம் என்றால் வானத்தில் ஒரு வெள்ளைக் கோடு, அவ்வளவுதான். இங்கே சக்கரம் கீழே இறங்குவது வரைக்கும் பார்க்கலாம். பார்த்துப் பார்த்து ஆசை வந்து, எக்ஸ்-பிளேன் என்ற ஃப்ளைட் சிமுலேட்டரைக் கம்ப்யூட்டரில் போட்டேன்.

ஓட்டுவதில் நான் ஒன்றும் பெரிய ஆள் இல்லை. என்னை இழுத்துப் பிடித்தது அதற்குள் இருக்கும் கோப்புகள்தான். விமானம் ஓர் ஓடுபாதைக்கு எந்த வழியாக வர வேண்டும், எந்த இடத்தில் எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும், கடைசியில் எத்தனை டிகிரி சரிவில் இறங்க வேண்டும், ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாவிட்டால் எங்கே திரும்பிப் போக வேண்டும்... இதற்குப் பெயர் அப்ரோச். விமானத்தின் கம்ப்யூட்டருக்கு இது முழுக்க எண்கள். எக்ஸ்-பிளேனில் ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் தனிக் கோப்பு உண்டு. நமது ஊருக்கு வி.ஓ.டி.வி. என்று பெயர். நோட்பேடில் திறந்தால் வரிவரியாக, காற்புள்ளி போட்டுப் பிரித்து, அப்படியே நம்ம லெட்ஜர்!

கணக்குக்காரன் கண்ணுக்கு அதில் சில வேடிக்கைகள் உண்டு. உயரத்துக்கு முன்னால் கூட்டல் குறி இருந்தால் கூட்டச் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். 'இதற்குக் கீழே போகாதே' என்று அர்த்தம். கழித்தல் குறி என்றால் 'இதற்கு மேலே போகாதே'. எண்களுக்கு நடுவில் புள்ளி வைக்க மாட்டார்கள். 141 டிகிரி என்பதை 1410 என்று எழுதுவார்கள், கடைசி இலக்கம் பத்தில் ஒரு பங்கு. மூன்று டிகிரி சரிவு என்பது -300. ரூபாயையும் பைசாவையும் புள்ளியில்லாமல் சேர்த்து எழுதும் பழைய வங்கிக் கோப்புகளைப் பார்த்தவர்களுக்கு இது பழகின முகம்.

வம்பு எங்கே என்றால், ஒரே சிமுலேட்டருக்குள் இரண்டு கோப்பு இரண்டு பாஷை பேசும். ஒன்றில் இடத்தை டிகிரி, நிமிடம், விநாடி என்று எழுதுவார்கள். இன்னொன்றில் தசம டிகிரி. 8 டிகிரி 28 நிமிடம் 55 விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஏறக்குறைய நம்ம விமான நிலையம் அங்கேதான் இருக்கிறது. தசமத்தில் அது 8.4819. அவசரத்தில் யாராவது 8.2855 என்று எழுதிவிட்டால்? அட்சரேகையில் ஒரு நிமிடம் என்பது ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர். கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 22 கிலோமீட்டர் தெற்கே போய்விடும். கோவளம், விழிஞ்ஞம் எல்லாம் தாண்டி நடுக்கடல்.

திசையிலும் இதே கூத்து. இங்கே ஓடுபாதை ஒன்றுதான், சுமார் 3,400 மீட்டர் நீளம், 45 மீட்டர் அகலம். வடமேற்கிலிருந்து வந்தால் அதன் பெயர் 14, தென்கிழக்கிலிருந்து வந்தால் 32. காந்த ஊசி காட்டும் திசையை வைத்து வந்த பெயர்கள் இவை. சார்ட்டில் அச்சாகும் திசையும் காந்த வடக்கை வைத்துத்தான். ஆனால் சிமுலேட்டரின் ஐ.எல்.எஸ். கோப்பு உண்மையான வடக்கை வைத்து எழுதியிருக்கும். பூமியின் காந்த நடுக்கோடு பக்கத்தில் போகிறது என்பதற்காகத்தானே தும்பாவைத் தேர்ந்தெடுத்து 1963 நவம்பர் 21-ல் முதல் ராக்கெட்டை விட்டார்கள், இங்கே இரண்டு வடக்கும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று ஒரு நண்பர் வாதாடினார். அது ஊசி தலையைச் சாய்க்காத கோடு. ஊசி பக்கவாட்டில் விலகுவது வேறு கணக்கு. இங்கே விலகல் கொஞ்சம்தான், ஆனாலும் இல்லாமல் இல்லை. ஒரு டிகிரி தப்பினால் 60 மைலில் ஒரு மைல் விலகும் என்பது விமானிகளின் வாய்ப்பாடு. பத்து மைலில் முந்நூறு மீட்டர். ஓடுபாதையின் அகலத்தை மேலே சொல்லிவிட்டேன்.

கிழக்கே அகத்தியமலை வேறு நிற்கிறது. 1,868 மீட்டர், விமான நிலையத்திலிருந்து நேர்கோட்டில் சுமார் 40 கிலோமீட்டர். சார்ட்டில் 25 கடல் மைல் வட்டம் போட்டு, அதற்குள் உள்ள எந்தத் தடையையும் விட ஆயிரம் அடியாவது மேலே இருக்கும்படி குறைந்தபட்ச உயரம் கொடுப்பார்கள். மலை அந்த வட்டத்துக்குள் வருகிறது. மேற்கே வெறும் கடல். ஆகவே தீர்க்கரேகையில் கைதவறுவது இங்கே சாதாரண விஷயம் இல்லை.

இப்போது என் கதைக்கு வருகிறேன். உலகம் முழுக்க இந்தத் தகவல்கள் 28 நாளுக்கு ஒருமுறை, ஒரே தேதியில் மாறும். ஏராக் சுழற்சி என்பார்கள், வருடத்துக்கு 13. காசு கட்டினால் புதுக் கோப்பு வீடு தேடி வரும். நான் பயன்படுத்துவது யாரோ ஒரு புண்ணியவான் தயாரித்து இலவசமாகக் கொடுக்கும் கோப்பு. அதை நம்ம விமான நிலைய ஆணையம் இணையத்தில் வெளியிடும் ஏ.ஐ.பி.யோடு ஒப்பிட்டுப் பார்த்து, தேவையானால் என் பிரதியில் திருத்திக்கொள்வேன். ஒப்பிட்டுப் பார்ப்பது என்றால் எப்படி? நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் கிளையில் கம்ப்யூட்டர் இல்லை. சாயங்காலம் ஒருவர் வவுச்சரை உரக்கப் படிப்பார், இன்னொருவர் லெட்ஜரில் டிக் அடிப்பார். எழுதினவரே படித்து அவரே டிக் அடித்தால் எங்கள் அக்கவுண்டன்ட் பேனாவைப் பிடுங்கிக்கொள்வார். "உன் தப்பு உன் கண்ணுக்குச் சரியாத்தான்டா தெரியும்" என்பார்.

படிப்பதற்கு இங்கே யார் இருக்கிறார்கள்? மகளைக் கேட்டேன். எங்கள் தினசரி ஃபோன் பேச்சு அப்போது "சாப்டியா", "ம்", "படிச்சியா", "ம்", "அம்மாகிட்ட குடு" என்ற அளவில் சுருங்கிப்போயிருந்தது. அவள் அங்கே ஏ.ஐ.பி. பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு படிப்பாள். "வடக்கு பூஜ்யம் எட்டு, இருபத்தி நாலு, முப்பத்தி ஒண்ணு. டிக்கா?" "டிக்." ஞாயிற்றுக்கிழமை ராத்திரி முக்கால் மணி நேரம் இப்படியே போகும். பின்னாலிருந்து என் மனைவி, "என்னங்க, புள்ளைய தூங்க விடுங்க, விமானத்தை நாளைக்கு இறக்கிக்கலாம்" என்பாள்.

மூன்றாவது தடவையோ நாலாவது தடவையோ, ஒரு வேபாயிண்டில் அவள் விநாடியை 54 என்று படித்தாள். என் கோப்பில் 45. மறுபடி படிக்கச் சொன்னேன். 54-தான். நான் வாயைத் திறப்பதற்குள், "அப்பா, வித்தியாசம் ஒன்பது. இலக்கம் இடம் மாறிடுச்சா?" என்றாள்.

கணக்கு எழுதுபவர்களுக்குத் தெரிந்த பழைய வித்தை இது. டாலி ஆகாத தொகை ஒன்பதால் மீதியில்லாமல் வகுபட்டால், எங்கேயோ பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம், முதலில் அதைத் தேடு என்பார்கள். அவள் எட்டாவது படிக்கும்போது எப்போதோ சொல்லிக்கொடுத்தது. எனக்கே மறந்துபோயிருந்தது.

ஒன்பது விநாடி என்பது சுமார் 280 மீட்டர். சிமுலேட்டரில் யாருக்கும் தெரியப்போவதில்லை, விமானம் லேசாக ஒரு வளைவு வளைந்து சமாளித்துவிடும். நம்ம பிரதியில் திருத்திக்கொண்டு போய்விடலாம் என்று தோன்றும். இங்கேதான் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. அதற்குக் காரணம் 1979 நவம்பர் 28.

அன்று ஏர் நியூசிலாந்து விமானம் 901, ஆக்லாந்திலிருந்து அண்டார்டிகாவைச் சுற்றிக் காட்டப் புறப்பட்டது. அந்தப் பாதையின் தெற்குக் கோடியில் ஒரு புள்ளி. 1978-ல் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றும்போது 166 டிகிரி என்பது 164 என்று பதிவாகிவிட்டது. (நம்ம ஒன்பது வித்தை இதில் பலிக்காது, வித்தியாசம் இரண்டு.) அந்தத் தப்பான பாதை தட்டையான பனிக்கடல் மேல் போனது. ஒரு வருடத்துக்கு மேல் எல்லாம் நல்லபடியாக நடந்தது. விமானிகளுக்கு விளக்கம் கொடுத்ததும் அந்தப் பாதையை வைத்துத்தான். புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பு யாரோ எண்ணைச் சரிசெய்தார்கள். பாதை 40 கிலோமீட்டருக்கும் மேல் நகர்ந்து எரபஸ் மலைக்கு நேராக வந்துவிட்டது. விமானிகளிடம் யாரும் சொல்லவில்லை. 257 பேரில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. முதல் விசாரணை விமானிகள் மேல் பழியைப் போட்டது. 1981-ல் நீதிபதி பீட்டர் மாகனின் அறிக்கை, சொல்லாமல் செய்த அந்த மாற்றத்தையே முக்கியக் காரணமாகச் சொன்னது.

தப்பான எண் ஆளைக் கொல்லவில்லை, சரியான எண் கொன்றது. வங்கியில் ரிவர்சல் என்ட்ரி போட்டுவிட்டுப் பார்ட்டிக்குச் சொல்லாமல் விடும் ஆட்களை எனக்கு ஏன் பிடிக்காது என்று இப்போது புரிந்திருக்கும்.

1995 டிசம்பர் 20, கொலம்பியாவின் காலி நகரம் இன்னொரு வகை. ரோஸோ என்ற ரேடியோ நிலையத்துக்குப் போக, விமானி கம்ப்யூட்டரில் ஆர் என்ற ஓர் எழுத்தை அடித்தார். சார்ட்டில் அதன் அடையாளம் அந்த எழுத்துதான். கம்ப்யூட்டரோ அதே எழுத்துள்ள வேறொரு நிலையத்தை, பொகோட்டா பக்கத்திலிருந்த ரோமியோவை எடுத்துக்கொண்டு இடப்பக்கம் திரும்பியது. மலை. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 965-ல் 159 பேர் இறந்தார்கள், நான்கு பேர் பிழைத்தார்கள். தாளில் ஒரு பெயர், மெஷினில் இன்னொரு பெயர். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்திருந்தால் தெரிந்திருக்கும். மலைகளுக்கு நடுவே, ராத்திரியில், அவசரத்தில் இருக்கும் விமானிக்கு அதற்கு ஏது நேரம்? உட்கார்ந்து படிக்க வேண்டியது தரையில் இருக்கும் நாம்தான்.

ஆகவே அந்த 54-ஐ என் பிரதியில் மட்டும் மாற்றிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. ஏ.ஐ.பி.யில் எந்தப் பக்கம், எந்த வரி, பழைய எண், புது எண் எல்லாம் போட்டு அந்தப் புண்ணியவானுக்கு எழுதினேன். அடுத்த பதிப்பில் சரியாகியிருந்தது. கூடவே மாற்றக் குறிப்பில் ஒரு வரி இருந்தது. எனக்கு அந்த வரிதான் முக்கியம். "வெறும் விளையாட்டுக்கு இவ்வளவு அலட்டலா சாரே?" என்று எங்கள் கிளை நண்பர் கேட்கிறார். இந்தக் கோப்புகளில் எல்லாம் 'நிஜப் பயணத்துக்குப் பயன்படுத்தாதீர்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும், உண்மை. ஆனால் விளையாட்டுக்கு ஒரு கையெழுத்து, நிஜத்துக்கு ஒரு கையெழுத்து என்று எனக்கு வராது.

28 நாள் கோப்பில் அடங்காத விஷயங்களும் உண்டு. 1932-ல் இந்த இடத்தில் விமான நிலையம் தொடங்குவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே பத்மநாபசுவாமியின் ஆறாட்டு ஊர்வலம் இந்த வழியாகத்தான் சங்குமுகம் கடற்கரைக்குப் போகிறது. இன்றும் பங்குனியிலும் ஐப்பசியிலும் ஓடுபாதையைக் கடந்துதான் போகும். அந்தச் சில மணி நேரத்துக்கு விமானங்களை நிறுத்திவிட்டு, முன்கூட்டியே நோட்டாம் என்ற அறிவிப்பு விடுவார்கள். யானை நடந்து போகும் ஓடுபாதைக்கு எந்தக் கோப்பில் என்ன குறி போடுவது? மகள் கேட்டாள், நான் சிரித்து மழுப்பிவிட்டேன். ஆறாட்டு அன்று சிமுலேட்டரை நான் திறப்பதில்லை.

அடுத்த சுழற்சி வருகிற வாரம். அவளுக்கு அப்போது திருப்புதல் தேர்வு. "கெமிஸ்ட்ரி முடிஞ்சதும் கூப்பிடறேன், நீங்களே படிச்சு நீங்களே டிக் அடிச்சுடாதீங்கப்பா" என்று உத்தரவு. புதுக் கோப்பை இறக்கி வைத்திருக்கிறேன். இன்னும் திறக்கவில்லை.