காந்தம் ஒட்டவில்லை!

காரைப் பற்றி எனக்குத் தெரிந்த ஒரே விஷயம், கதவைச் சாத்தும்போது புடவைத் தலைப்பு மாட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதுதான். அப்படிப்பட்ட என்னைப் போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய கார் ஒன்றின் குலம் கோத்திரம் விசாரிக்கச் சிறுசேரிக்கு அழைத்துப் போனார்கள்.

அழைத்தவள் எங்கள் அண்ணி. காரணத்தையும் அவள் மறைக்கவில்லை.

"உங்க அண்ணா ஒன்பது லட்சம் கொடுத்து ஒரு கிழட்டுக் காரை வாங்கப் போறார். பொண்ணு காலேஜுக்குன்னு போட்டு வெச்ச டெபாசிட்டை உடைக்கணுமாம். நீ பத்திரிகைக்காரி. நாலு கேள்வி கேட்டு அந்த மனுஷன் கண்ணைத் திற!"

அண்ணா என்றால் என் பெரியப்பாவின் பிள்ளை. தாம்பரத்திலிருந்து தினமும் சிறுசேரி சிப்காட்டுக்கு வேலைக்குப் போகிறவர். அங்கே அவருக்கு அறிமுகமான தரகர் ஒருவர், "1962 மாடல் ஹெரால்டு கூப்பே, சீமையில் செய்த அசல் சரக்கு" என்று ஆசை மூட்டியிருந்தார்.

கூப்பே என்பது என்ன என்று நீங்கள் கேட்பீர்கள், நானும் கேட்டேன். இரண்டே கதவு, தாழ்ந்த கூரை, முன்னால் இரண்டு பேர் உல்லாசமாகப் போக, பின்னால் பெயருக்கு ஓர் இடம். எடை குறைவு, ஓட்டம் துடி. குடும்பத்துக்கு ஆகாது, ஆனால் பார்த்தவர் மனசு பறிபோகும். அதனால்தான் சாதாரணக் காரைவிட விலை அதிகம். விலை அதிகம் உள்ள இடத்தில் போலி முளைக்காமல் இருக்குமா? கெம்பு என்று கண்ணாடியை விற்காத ஊர் உண்டா?

முதல் நாள் இரவு உட்கார்ந்து கொஞ்சம் படித்தேன். இத்தாலியில் ஆல்ஃபா ரோமியோ கம்பெனி 1965-இல் ஜி.டி.ஏ. என்று ஒரு பந்தயக் கூப்பே கொண்டுவந்ததாம். அந்த 'ஏ' எழுத்துக்கே 'எடை குறைத்தது' என்றுதான் பொருள். வெளித் தகடெல்லாம் அலுமினியம். நாலு சிலிண்டருக்கு எட்டு ஸ்பார்க் பிளக். ஜெர்மனியில் பி.எம்.டபிள்யூ.காரர்கள் வெளியிட்ட சி.எஸ்.எல். வண்டியில் கதவும், முன் மூடியும், பின் மூடியும் அலுமினியம், மற்றவை இரும்பு. இவற்றின் சாதாரண உடன்பிறப்புகளுக்கு வேஷம் போட்டு விற்கும் கெட்டிக்காரர்கள் உலகெங்கும் உண்டு. வாங்குகிறவர் கையில் ஒரு காந்தம் இருந்தால் வேஷம் பாதி கலைந்துவிடும். அலுமினியம் என்று சொன்ன இடத்தில் காந்தம் ஒட்டினால் சங்கதி என்னவென்று புரிகிறதல்லவா?

இந்த ஞானத்தைப் பெரியப்பாவிடம் ஒப்பித்தேன். எண்பது வயது அவருக்கு. 1965-இல் வண்டலூர் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் சேர்ந்து, கார் உடல் பூட்டும் பிரிவில் பல வருஷங்களைக் கழித்தவர்.

"காந்தம் நல்லதுதான், அம்மா. ஆனால் ஹெரால்டு முழுக்க இரும்பு. அதிலே காந்தம் ஒட்டணும். ஒட்டலேன்னாதான் கவலை. எங்கே ஒட்டணும், எங்கே ஒட்டக் கூடாதுன்னு தெரிஞ்சவன் கையிலேதான் அது பேசும்" என்றார்.

ஒரு காந்தம், கைக்குட்டை, டார்ச் விளக்கு, பென்சில், வெள்ளைக் காகிதம். இவ்வளவுதான் அவருடைய ஆயுதங்கள்.

சிறுசேரியில் வானளாவிய கட்டடங்களுக்குப் பின்னால் இன்னும் மிஞ்சியிருக்கிற ஓட்டு வீடு ஒன்றில் கார் நின்றது. சிவப்பு நிறம். அண்ணா வாய் திறந்து நின்றார். உண்மையைச் சொன்னால் எனக்கும் ஒரு கணம் ஆசை வந்துவிட்டது. அண்ணி மட்டும் கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளேயிருந்து வந்தவர் எழுபது வயது அம்மாள். கணவர் காலமாகி இரண்டு வருஷம். வீட்டைக் காலி செய்துவிட்டுத் திருநெல்வேலியில் உள்ள மகளிடம் போகப் போகிறார்.

"வெறுங்கையோட மக வீட்டுக்குப் போக மனசில்லே. 'இது அசல் கூப்பே, என் காலத்துக்கப்புறம் உனக்கு உதவும்'னு அவர் அடிக்கடி சொல்வார்" என்றார்.

அதைக் கேட்டதும் நான் கொண்டுவந்த நாலு கேள்வியும் தொண்டையிலேயே நின்றுவிட்டன.

பெரியப்பா வேலையைத் தொடங்கினார். முதலில் ஆர்.சி. புத்தகம். அடிச்சட்டத்தில் வெட்டியிருந்த எண்ணின்மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தார், எண் பதிந்தது. புத்தகத்து எண்ணும் அதுவும் ஒன்றே. பிறகு முன் மூடியைத் தூக்கினார். ஹெரால்டில் அது மூக்கோடு சேர்ந்து முன்பக்கமாக முழுசாகத் திறந்துகொள்ளும். பளபளவென்று இரண்டு கார்புரேட்டர்கள்.

"பார்த்தீங்களா! சாதாரண ஹெரால்டுக்கு ஒண்ணுதான். சீமைக் கூப்பேக்குத்தான் ரெண்டு!" என்றார் தரகர்.

"ரெண்டு வாங்கிப் பூட்ட ஒரு சனிக்கிழமை போதும், தம்பி" என்றார் பெரியப்பா. அவர் டார்ச் வெளிச்சம் எஞ்சினுக்குப் பின்னாலிருந்த சிறு தகட்டில் நின்றது. வண்டலூர்த் தகடு. அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போயிற்று.

பின்பு கைக்குட்டையில் காந்தத்தைச் சுற்றிக் கார் முழுவதும் ஒற்றிக்கொண்டே வந்தார். கதவில் ஒட்டியது, முன் கூரையில் ஒட்டியது, பின் கண்ணாடிக்கு இருபுறமும் உள்ள தூண்களில் வைத்ததும் நழுவி விழுந்தது. மறுபடி வைத்தார், மறுபடி விழுந்தது. வர்ணத்துக்கு அடியில் விரற்கடை கனத்துக்குப் பட்டி! உள்கூரைத் துணியின் ஓரத்தை மெல்லத் தூக்கிக் காட்டினார். ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை காஸ் வெல்டிங் தழும்பு ஓடியது. பின் கண்ணாடியைச் சுண்டினார். கண்ணாடிச் சத்தம் வரவில்லை. அக்ரிலிக் தகடு.

கதை விளங்கிவிட்டது. 1959-இல் இங்கிலாந்தில் ஹெரால்டு பிறந்தபோது, முழு உடலையும் ஒன்றாகச் செய்து தர அந்தக் கம்பெனிக்கு ஆள் கிடைக்கவில்லை. ஆகவே அடியில் தனிச் சட்டம், மேலே பகுதி பகுதியாக உடல், எல்லாவற்றையும் போல்ட்டில் முடுக்குவது என்று ஏற்பாடு. இத்தாலியரான மிக்கலோட்டி அதற்கு உருவம் கொடுத்தார். கூரையை மாற்றினால் அதே வண்டி சலூன் ஆகும், கூப்பே ஆகும், திறந்த காரும் ஆகும். பகுதிகளாக அனுப்பி வெளிநாட்டில் பூட்டுவதும் சுலபம். 1961 முதல் நம் வண்டலூரிலேயே அது உருவாயிற்று. பூட்டுவதற்குச் சுலபமானது வேஷம் போடவும் சுலபம். யாரோ ஒரு புண்ணியவான், நாலு பேர் போகும் சலூனின் கூரையை வெட்டிக் குறுக்கிக் கூப்பே ஆக்கியிருக்கிறான்.

சட்டத்திலும் சிக்கல் உண்டு. 50 வயது கடந்த வண்டிகளுக்கு 2021-இல் மத்திய அரசு 'வி.ஏ.' எழுத்துக்களோடு தனிப் பதிவு கொண்டுவந்தது. ஆனால் அடிச்சட்டமும் உடலும் எஞ்சினும் மாற்றப்படாமல் அசல் உருவில் இருக்க வேண்டும். வெட்டிய கூரைக்கு அங்கே என்ன மரியாதை கிடைக்கும்?

அண்ணி என்னைப் பார்த்தாள். வெற்றி அவளுடையது, ஆனால் முகத்தில் களிப்பு இல்லை. அந்த அம்மாளின் கண்கள் பெரியப்பாவின்மேல் இருந்தன. தரகர் அவசரமாக, "சின்ன ரிப்பேர்தாங்க, அம்மாகிட்ட எதுக்கு..." என்று இழுத்தார்.

பெரியப்பா அவரைப் பொருட்படுத்தாமல் திண்ணையில் உட்கார்ந்தார்.

"அம்மா, உங்க வீட்டுக்காரர் பொய் சொல்லலே. அவருக்கு வித்தவன் சொன்னதை அவர் நம்பினார். இது கூப்பே இல்லே. கூரை வெட்டின சலூன். ஆனால் ஒண்ணு. இதோட சட்டமும் நம்பரும் சுத்தம். நான் வேலை பார்த்த தொழிற்சாலையிலே செஞ்ச அசல் ஹெரால்டு. ஹெரால்டுன்னு சொல்லி வித்தா இதிலே ஒரு பொய்யும் கிடையாது."

அந்த அம்மாள் வெகு நேரம் பேசவில்லை. பிறகு உள்ளே போய் ஒரு காகிதம் கொண்டுவந்தார்.

"ஐயா, இப்போ சொன்னதை இதிலே எழுதிக் கொடுங்க. வர்றவங்ககிட்டே எனக்கு இப்படி விவரமாச் சொல்லத் தெரியாது."

பெரியப்பா நிறுத்தி நிதானமாக, நல்லது கெட்டது இரண்டையும் எழுதிக் கொடுத்தார்.

கேளம்பாக்கம் வழியாக வண்டலூர்ச் சாலையில் திரும்பினோம். அண்ணா வாயே திறக்கவில்லை. 1980-களின் இறுதியில் உற்பத்தி நின்றுபோன அந்தத் தொழிற்சாலை இருந்த பக்கம் வந்ததும், பெரியப்பா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே, "கதவு சரியாச் சாத்தலேன்னா நாங்க வண்டியை வெளியே விடமாட்டோம்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

மூன்று வாரம் கழித்துத் தொலைபேசி வந்தது. ஹெரால்டு பைத்தியம் ஒருவர், பழைய சலூன் கூரையைத் தேடிப் பிடித்துப் பூட்டிக்கொள்வதாகச் சொல்லி நாலு லட்சத்துக்கு வாங்கிப் போனாராம்.

"ஒன்பது கிடைக்கலே. ஆனா காகிதத்தையும் கையிலே கொடுத்துத்தான் அனுப்பினேன். யாராவது திரும்பி வந்து கேப்பாங்களோங்கற பயம் இல்லாம ஊருக்குப் போறேன், ஐயா" என்றார் அந்த அம்மாள்.

டெபாசிட் உடையாமல் இருக்கிறது. அண்ணாவுக்கு மட்டும் அந்தச் சிவப்பு நிறம் இன்னும் கண்ணில் நிற்கிறதாம். இப்போது எங்கே பழைய கார் பார்க்கப் போனாலும், முதலில் காந்தத்தை எடுத்து அவர் சட்டைப் பையில் வைப்பவள் அண்ணிதான்.