பனி பூட்டிய பள்ளிக்கூடம்

பனிஹால் ஸ்டேஷனை விட்டுப் புறப்பட்ட ரயில் 11 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு குகைக்குள் புகுந்தது. புகும்போது ஜன்னலில் தெரிந்தது பழுப்பு மலை. இருட்டெல்லாம் கழிந்து காஜிகுண்டில் வெளிப்பட்டபோதோ கூரை, வேலி, வைக்கோற்போர், மரக்கிளை எல்லாவற்றின் மீதும் யாரோ ஒரே இரவில் சுண்ணாம்பு அடித்துவிட்டுப் போனதுபோல் இருந்தது. வண்டியிலிருந்த குழந்தைகள், "ஷீன்! ஷீன்!" என்று கூவின. காஷ்மீரி பாஷையில் ஷீன் என்றால் பனி. தமிழில் நாம் பனி என்று சொல்வது, மார்கழி விடியலில் புல்நுனியில் தங்கிச் சூரியனைக் கண்டதும் மறைந்துவிடும் சாதுவான வஸ்து. இங்கே அது முழங்கால் ஆழத்துக்கு விழுந்து, வாசற்படியை மறித்துக்கொண்டு நாட்கணக்கில் உட்கார்ந்துவிடுகிறது.

கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு ரயில் ஓடத் தொடங்கியது 2025 ஜூன் மாதத்தில். செனாப் நதிக்கு மேலே 359 மீட்டர் உயரத்தில் நிற்கும் பாலத்தைக் கடக்கையில் பெருமிதத்தால் மார்பு விம்மியதென்னவோ உண்மை. கீழே எட்டிப் பார்க்கத்தான் தைரியம் வரவில்லை.

ஸ்ரீநகரில் நாம் தங்கிய வீதியின் கோடியில் ஒரு சர்க்கார் பள்ளிக்கூடம் இருந்தது. அதன் இரும்புக் கதவில் பெரிய பூட்டு. பூட்டின் மேலும் நாலு விரற்கடைப் பனி. உள்ளே மைதானத்தில் ஒரு காலடித் தடம்கூடக் கிடையாது. காஷ்மீரப் பள்ளத்தாக்கில் குளிர்காலந்தான் பெரிய விடுமுறை. நவம்பர் இறுதியிலோ டிசம்பர் முதலிலோ சின்ன வகுப்புக்களை மூடுவார்கள்; பெரிய வகுப்புக்களைச் சில தினங்கள் கழித்து. பிறகு பிப்ரவரி முடியும் வரையில் மணி அடிக்காது. பீர் பஞ்சால் மலைக்கு இப்பால் ஜம்மு சமவெளியிலோ, நம்மைப் போலக் கோடையில்தான் நீண்ட லீவு.

டிசம்பர் 21 முதல் ஜனவரி இறுதி வரை உள்ள நாற்பது நாளைச் 'சில்லை கலான்' என்கிறார்கள்; பெருங்குளிர் என்று பொருள். அடுத்த இருபது நாள் சின்னக் குளிர்; அதன்பின் பத்து நாள் குழந்தைக் குளிர். குளிருக்குக்கூடக் குடும்பமும் வயதும் வைத்திருக்கும் ஜனங்கள்! இந்த நாட்களில் குழாய்த் தண்ணீர் உறைந்துபோகும். குழாயைச் சுற்றித் தீ மூட்டித்தான் தண்ணீர் வரவழைக்கவேண்டும். 2021 ஜனவரியில் டால் ஏரியே உறைந்தது.

வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற உபாத்தியாயர். தொளதொளத்த பெரன் அங்கிக்குள்ளே, பிரம்புக் கூடையில் பதித்த மண்சட்டியில் நெருப்பு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதுதான் காங்கிரி. ஏழையின் அடுப்பு அது. சிநேகிதனும் அதுவே, சத்துருவும் அதுவே. வருஷக்கணக்காக வயிற்றோடும் தொடையோடும் அணைத்து வைத்திருப்பவர்களுக்குத் தோலில் புற்றுநோய் வருவதுண்டென்று வைத்திய சாஸ்திரமே அதற்குத் தனிப் பெயர் கொடுத்திருக்கிறது.

"மாஸ்டர்ஜி, பனிக்காகப் பள்ளிக்கூடத்தை மூடுவது நியாயந்தானா?" என்று கேட்டோம்.

அவர் சிரித்தார். "பனி பாதையை அடைப்பது சில தினங்கள், ஜனாப். பள்ளிக்கூடம் மூடியிருப்பதோ ஏறக்குறைய மூன்று மாதம். மற்ற நாளெல்லாம் அதை மூடி வைத்திருப்பது சூடில்லாத அறை. 2024 ஜனவரியில் பெரும்பகுதி பனியே விழவில்லை. குல்மார்க்கில் சறுக்கி விளையாட வந்தவர்கள் புல்லைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். அப்போதும் கதவு பூட்டித்தான் இருந்தது."

உள்ளிருந்து அவருடைய மருமகள் குரல் கொடுத்தாள். "மாமா சுலபமாகப் பேசிவிடுவார். ஆறு வயதுக் குழந்தையை இருட்டு விலகாத காலையில் அனுப்புகிறவள் நான் அல்லவா?" அவள் பிறந்த ஊர் மலையடிவாரத்தில் உள்ள கிராமம். 2005 பிப்ரவரியில் தெற்குக் காஷ்மீரத்தில் வால்டெங்கு நார் என்ற ஊரின்மேல் பனிச்சரிவு விழுந்து நூற்றுக்கு மேற்பட்டவர்கள் மாண்டதை அவளால் மறக்க முடியவில்லை. அந்த வார்த்தைக்கு நம்மிடம் பதில் இல்லை. குரேஸ் போன்ற பள்ளத்தாக்குகளில், கணவாய் மூடிவிட்டால் வெளியுலகமே மாதக்கணக்கில் கிடையாது. அங்கெல்லாம் பள்ளிக்கூடத்தைத் திறந்து வை என்று சொல்வது பேதைமை.

ஆனால் மறுநாள் காலையில் ஒரு காட்சி கண்டோம். நகரத்துச் சந்து ஒன்றில், பூட்ஸ் கால்கள் பனியை மிதிக்க, முதுகில் புத்தகப் பையுடன் பிள்ளைகளும் பெண்களும் கூட்டமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். எல்லோரும் டியூஷனுக்கு! குளிர்காலந்தான் தனிவகுப்புக்களுக்கு அறுவடைக் காலம். உள்ளே ஹீட்டர் உண்டு. வாசலில் சம்பளப் பட்டியல் உண்டு. பணம் கட்டினவனுக்கு வழிவிடும் பனி, கட்டாதவனைத்தான் வீட்டோடு நிறுத்துகிறது போலும். சர்க்கார் ஆசிரியர்கள் சில வருஷங்களில் இலவசக் குளிர்கால வகுப்புக்கள் நடத்தியிருக்கிறார்கள் என்பதையும் சொல்லவேண்டும். ஆனால் பூட்டிய பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாடு கிடையாது.

பரீட்சையை எப்போது வைப்பது என்பதிலும் இதே வழக்குத்தான். பனிக்கு முன்பே பரீட்சையை முடித்து, வகுப்பு மாறிவிட்டு லீவுக்குப் போவது பள்ளத்தாக்கின் பழைய வழக்கம். 2022-இல் அதை மாற்றி மார்ச்சுக்குத் தள்ளினார்கள். குளிரில் விறைத்த விரலோடு பிள்ளைகள் பரீட்சைக்குப் படிக்க வேண்டியதாயிற்று. பெற்றோர் முறையிட்டார்கள். 2024-இல் ஒன்பதாம் வகுப்பு வரையில் பழைய முறையே திரும்பிற்று.

இதையெல்லாம் வேறொரு தேசத்தில் கேட்டிருந்தால் வேடிக்கையாக எழுதிவிட்டுப் போயிருப்போம். இங்கே முடியவில்லை. 2014-இல் வெள்ளம், 2016-இல் கலகம், 2019 ஆகஸ்டுக்குப் பிறகு அடைப்பு, 2020-இல் கொள்ளை நோய். பள்ளிக்கூடம் மூடுவதற்கு இந்தக் குழந்தைகளுக்குப் பனியே தேவைப்படவில்லை. 2020 கோடையில் தூத்பத்ரி புல்வெளியில் திறந்த வெளியிலேயே பாடம் சொல்லித் தந்தார்கள். அத்தனை பசி படிப்பின்மீது! அவர்களுக்குப் போன நாளை யார் திருப்பித் தருவது?

அன்று மாலை மாஸ்டர்ஜி நம்மைப் பேட்டை மசூதியின் ஹமாமுக்கு அழைத்துப் போனார். கற்பலகை பாவிய தரை. அடியில் விறகு எரிகிறது. கிழவர்கள் சுவரில் சாய்ந்து அளவளாவிக்கொண்டிருந்தார்கள். உட்கார்ந்த மாத்திரத்தில் பாதத்தில் ஏறிய சூடு நெஞ்சுவரை வந்தது. ஒரு தெருவுக்கு ஒரு சூடான அறை என்பது இந்த ஜனங்கள் தாங்களே செய்துகொண்டிருக்கும் ஏற்பாடு. கோடானுகோடி செலவில் மலையைக் குடைந்து ரயில் விட்ட சர்க்காருக்கு, நகரத்துப் பள்ளிக்கூடம் ஒவ்வொன்றிலும் இரண்டே அறைக்குக் கணப்பு மூட்டி, விருப்பமுள்ள குழந்தை வந்து உட்கார்ந்து, படித்து, சாப்பிட்டுப் போகட்டும் என்று வைப்பது பிரமாதமா? சின்னஞ்சிறு குழந்தைகளும் மலைக் கிராமத்தாரும் வீட்டிலேயே இருக்கட்டும். மற்றவர்களுக்கு லீவு இருக்கட்டும், பூட்டு வேண்டாம் என்பதே நமது அபிப்பிராயம். மாஸ்டர்ஜியிடம் சொன்னோம். "விறகுக்கு முதலில் கையெழுத்து வாங்குங்கள்" என்றார்.

புறப்படும் தினம் அவருடைய பேரன் வந்து நின்றான், பத்து வயதிருக்கும். "உங்கள் ஊரில் பனிக்கு எத்தனை நாள் லீவு?"

"பனிக்கு இல்லை, தம்பி. மழைக்கு உண்டு. ஒரு நாள், அல்லது இரண்டு நாள்."

பையன் நம்மை மிகுந்த இரக்கத்தோடு பார்த்தான். ஜன்னலோரச் சுவரில் அவன் கரியால் வரிசை வரிசையாகக் கோடு போட்டு வைத்திருந்தான். லீவு கழிந்த கணக்கா, பள்ளிக்கூடம் திறக்கிற கணக்கா என்று விசாரித்தோம்.

"இரண்டும் ஒன்றுதானே?" என்று சொல்லிவிட்டு, இன்னொரு கோடு போடக் காங்கிரிக்குள் கரித்துண்டு தேடினான்.