கடைப்புனல்

சுவிட்சர்லாந்தில் பணிபுரியும் நம் பழைய மாணவர் ஒருவர் சென்ற சித்திரையில் மடல் விடுத்திருந்தார். ஆல்ப்ஸ் மலையில் பனிச்சறுக்கு என்றால் மார்கழியும் தையும்தான் என நாம் எண்ணியிருந்தோம். அவரோ, பருவம் முடியப்போகும் ஏப்ரல் மாதமே இன்பம் மிக்கது என்கிறார். இரவில் இறுகிய பனி காலை வெயிலில் மேற்புறம் மட்டும் சிறிதே இளகுமாம். அந்த இரண்டொரு மணி நேரம் சறுக்குக்கட்டை வெண்ணெய்மேல் செல்வதுபோல் செல்லுமாம். நண்பகலில் எல்லாம் கூழாகிவிடுமாம்.

அரபியில் மலைப்பனி 'ஸல்ஜ்'. புல்நுனிப் பனி 'நதா'. தமிழில் இரண்டும் பனியே. நதாவை மட்டுமே கண்ட தஞ்சைத் தரணியாருக்கு ஸல்ஜின் சுவை எங்ஙனம் விளங்கும்? ஆயினும் மடலை மடித்து வைத்தபோது நமக்கு விளங்கிவிட்டது. நம் காவிரிக்கும் ஒரு கடைப்பருவம் உண்டன்றோ!

மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிக்கப்பெற்றது. ஜூன் 12-இல் திறப்பதும் ஜனவரி 28-இல் மூடுவதும் அதன் மரபு. ஆனி, ஆடியில் வரும் புதுப்புனல் செந்நிறமாய்ச் சுழித்து வரும். கண்டு களிக்கலாம், ஐம்பதைக் கடந்தவர் இறங்கலாகாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அது கரையை உரசி ஓடும். தை பிறந்தால்தான் ஆறு சாதுவாகும். வண்டல் படிந்து நீர் தெளியும். இடுப்பளவு ஆழத்தில் மணலின் வரிகள் தெரியும். சுபுஹுத் தொழுகை முடித்துக் குடமுருட்டிக் கரைக்குச் சென்றால் நீர்மேல் ஆவி எழும். காற்றினும் நீர் வெதுவெதுப்பாயிருக்கும். நமக்கு நீச்சல் பழக்கிய அத்தா இந்தத் தண்ணீரையே தேர்ந்தார்.

நம் இளைய மகனுக்கும் பத்து வயதில், தையில் பழக்குவதாக வாக்களித்திருந்தோம். அது 2023. ஜூன் 12-இல் திறந்த அணை, நீர் குறைந்தமையால் அக்டோபர் 10-லேயே மூடப்பட்டது. அந்தத் தையில் நம் துறையில் நீந்துமளவு நீர் நிற்கவில்லை. 2024 ஜூலை 28-இல் அணை திறந்தது. புதுவெள்ளம் கண்ட பிள்ளைகளோடு அவனும் படித்துறையில் இறங்கினான், பாசி வழுக்கிற்று. அருகில் துணி அலசிக்கொண்டிருந்தவர் அவன் சட்டையைப் பற்றி இழுத்தார். அன்றிரவு நமக்கு உறக்கமில்லை. தள்ளிப்போனது விளையாட்டு அன்று, ஓர் உயிர்க்காவல் என்பதை அன்றுதான் உணர்ந்தோம்.

அடுத்த தையில் ஒரு நாளும் தவறவிடவில்லை.

"அத்தா, கால் தட்டுப்படுகிறதே!" என்றான், நீச்சல் அறிந்துவிட்டதாகக் காட்ட விரும்பியவன், சற்று வெட்கத்துடன்.

"தட்டுப்படுவதால்தான் இங்கே பழக்குகிறோம்" என்றோம்.

பத்தாம் நாள் கால் தட்டாமலே அக்கரை சேர்ந்தான்.

கரைக்கு அப்பால் சம்பா அறுவடை. அறுப்புக்குச் சில நாள் முன்னரே நெற்பயிரிடையே தெளித்த உளுந்தும் பயறும் தாளுக்குள் முளைத்து நின்றன. இனி அவற்றுக்குப் பாய்ச்சல் இல்லை. மண்ணின் மிச்ச ஈரத்தையும் இரவின் நதாவையும் கொண்டே காய்த்துவிடும்.

மாணவருக்கு மறுமடல் எழுதினோம்: "தம்பி, உங்கள் ஏப்ரலும் எங்கள் தையும் ஒன்றே. முடியப்போவது தெரிந்தபின் மனிதன் ஒரு நாளையும் வீணாக்குவதில்லை. உம் பிள்ளைகளை இன்னும் பனிக்கு அழைத்துச் செல்லவில்லையெனில், இளகிய பனியில் தொடங்கும். விழுந்தாலும் அது மெத்தென்று ஏற்கும்."