சீப்பு எங்கே நிற்கிறது

ஷீ ட்ஸூவின் முதுகில் ஸ்லிக்கர் பிரஷ் தங்குதடை இல்லாமல் ஓடுகிறது. முடி மினுமினுப்பாக இருக்கிறது, குறை சொல்ல ஒன்றுமில்லை. மேசையருகே நிற்கும் பெண் பிரஷ்ஷை வைத்துவிட்டு எஃகுச் சீப்பை எடுக்கிறார். காதுக்குப் பின்னால் முடியை வகிடு பிரித்து, பல் தோலைத் தொடும்வரை இறக்கி இழுக்கிறார். அரை அங்குலம்கூட நகரவில்லை, சீப்பு நின்றுவிடுகிறது. அக்குளில் நிற்கிறது. கழுத்துப்பட்டை உரசும் இடத்தில் நிற்கிறது. பின்தொடையின் உட்புறத்திலும் நிற்கிறது.

"மேல மட்டும் வாரியிருக்காங்க சார். தினமும்தான் வாரியிருப்பாங்க, உள்ள போகல" என்கிறார்.

சென்னை மடிப்பாக்கத்தில் ஒரு வீட்டின் தரைத்தளத்தில் இருக்கிறது இந்த முடிதிருத்தும் கடை. உயரம் கூட்டிக் குறைக்கும் இரண்டு மேசைகள், ஒரு எஃகுத் தொட்டி, சுவரில் மாட்டிய கத்தரிக்கோல்கள், மூலையில் இரைகிற ப்ளோயர். கடைக்காரர் முன்பு ஒரு கால்நடை மருத்துவரிடம் உதவியாளராக இருந்தவர். சீப்புப் பிடித்திருக்கும் பெண் அழகு நிலைய வேலையிலிருந்து இதற்கு வந்தவர். குளிப்பாட்டும் இளைஞருக்கு ஊர் மணிப்பூர். நாயிடம் தமிழில்தான் பேசுகிறார். இந்த மூவரின் கைவேலையைப் பக்கத்தில் நின்று பார்க்கத்தான் அங்கே போயிருந்தேன்.

நாயைக் கொண்டுவந்த அம்மாளுக்கு முடியைக் குறைக்க மனமில்லை. சிக்கைப் பிரித்துத் தரக் கூடாதா என்று கேட்கிறார். "பிரிக்கலாம்கா. ஆனா ரெண்டு மணி நேரம் இவன் வலியிலயே நிக்கணும். முடி திரும்ப வளந்துடும்கா" என்று பதில் வருகிறது. கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு தலையசைக்கிறார்.

இப்படிச் சிக்கு விழுந்த முடியைக் கத்தரிக்கோலால் வெட்டக் கூடாது என்பது இந்த வேலையில் முதல் பாடம். சிக்கு இறுகும்போது அடியிலிருக்கும் தோலையும் மேலே இழுத்து வைத்திருக்கும். முடி எது, தோல் எது என்று கண்ணுக்குப் பிரிந்து தெரியாது. வீட்டில் அவசரத்துக்குக் கத்தரித்து, தோல் பிளந்து தையல் போடவேண்டி வரும் நாய்கள் எல்லா ஊரிலும் உண்டு. அதனால் அந்தப் பெண் கிளிப்பரில் 10-ஆம் எண் பிளேடை மாட்டி, தோலுக்கும் சிக்குக்கும் நடுவில் படுக்கையாகச் செலுத்துகிறார். இன்னொரு கை தோலை இழுத்துப் பிடித்தபடியே இருக்கிறது. காதடியிலிருந்த சிக்கு ஒரே தகடாகக் கழன்று வருகிறது. அடியில் தோல் சிவந்து, ஈரம் கசிந்து, காற்றுப் படாமல் புழுங்கிப் போயிருக்கிறது. நடுவில் ஓர் உண்ணி.

வேலை முடிந்ததும் மெல்லிய துணிப் பட்டை ஒன்றைத் தலையைச் சுற்றிக் காதுகளோடு சேர்த்துத் தளர்வாகப் போடுகிறார். எதற்கு என்று கேட்டேன். கனத்துத் தொங்கிய சிக்கு திடீரென்று போனதும் நாய் தலையை விடாமல் உதறும். அந்த வேகத்தில் காதுமடலுக்குள் சிறு ரத்தக்குழாய் உடைந்து, மடல் வீங்கிவிடும். அதைத் தடுக்கத்தான். இதெல்லாம் எந்தக் கருவியின் பெட்டியிலும் அச்சிடப்படுவதில்லை.

நாய்க்குக் கருவி வாங்குகிறவர்கள் பெரும்பாலும் கடையின் பளபளப்பான அட்டைகளைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். நாயின் முடியைப் பார்த்து வாங்கினால் செலவும் குறையும், நாயும் நிம்மதியாக இருக்கும். நீளமாக வளர்ந்துகொண்டே போகும் முடி உள்ள ஷீ ட்ஸூ, பூடில், லாசா ஆப்ஸோ வகைகளுக்கு முதல் தேவை எஃகுச் சீப்புதான். ஒரு பாதி பல் அகலமாகவும் மறுபாதி நெருக்கமாகவும் இருக்கும். ஸ்லிக்கர் பிரஷ் அதற்குத் துணை. வளைந்த மெல்லிய கம்பிகள் நெருக்கமாகப் பதித்த அந்த பிரஷ்ஷை அழுத்தித் தேய்த்தால் தோல் கீறிவிடும். முதலில் தன் முன்னங்கையில் இழுத்துப் பார்த்து, எரியாத அழுத்தத்தில் வாரவேண்டும் என்பது கடைக்காரர் எல்லாரிடமும் சொல்வது. வாரி முடித்ததும் சீப்பால் சோதித்தாக வேண்டும். சீப்பு எங்கே நிற்கிறதோ அங்கேதான் வேலை பாக்கி.

குளிப்பாட்டுவதற்கு முன்பே வாருவது முக்கியம். ஈரம் பட்ட கம்பளி சுருங்குவதுபோல, தண்ணீர் பட்டுக் காயும் சிக்கு இன்னும் இறுகிவிடும். ஞாயிற்றுக்கிழமை குளிப்பாட்டிவிட்டுத் திங்கட்கிழமை வாரலாம் என்று விடும் வீடுகளிலிருந்துதான் தகடு தகடாகச் சிக்கு வந்து சேர்கிறது.

நான் நின்றுகொண்டிருந்தபோதே சிப்பிப்பாறை நாயோடு ஓர் இளைஞர் வந்தார். "அண்ணே, ஸ்லிக்கர்ல எது நல்லது?" என்றார். கடைக்காரர் நாயின் விலாவில் கையை வைத்துத் தடவினார். "தம்பி, இதுக்கு அது வேணாம். கீறிடும். ரப்பர் பிரஷ் ஒண்ணு போதும்." சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம், கோம்பை என்று நம் ஊர் வேட்டை, காவல் நாய்கள் எல்லாமே குட்டை முடிக்காரர்கள். ரப்பர் பிரஷ்ஷால் வட்டமாகத் தேய்த்து, ஈரத் துணியால் துடைத்தால் முடிந்தது. ராஜபாளையத்துக்கு மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். வெள்ளை முடிக்குக் கீழே இளஞ்சிவப்புத் தோல். மூக்கிலும் காதோரத்திலும் வெயில் சீக்கிரம் சுட்டுவிடும். பொங்கிய முடி இல்லாததாலேயே நம் நாய்கள் இந்த வெப்பத்துக்கு ஒத்துப்போகின்றன. குட்டி வாங்க நினைப்பவர்கள் முதலில் யோசிக்கவேண்டியது இதைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

கோல்டன் ரிட்ரீவர், ஜெர்மன் ஷெப்பர்ட், பொமரேனியன், ஹஸ்கி ஆகியவற்றின் கதை வேறு. இவற்றுக்கு முடி இரண்டு அடுக்கு: மேலே முரட்டு முடி, அடியில் பஞ்சுபோன்ற உள்முடி. கோடை பிறந்தால் "சம்மர் கட்" கேட்டு வருகிறவர்கள் அதிகம். ஒட்ட மழித்தால் குளிர்ச்சியாக இருக்கும் என்று மனிதர்கள் தங்களை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். நாய் மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கிறது. வியர்வை சுரப்பது பெரும்பாலும் பாதங்களில். மேல்முடி போய்விட்டால் வெயில் நேரே தோலில் விழும். சில நாய்களுக்கு மழித்த இடத்தில் மாதக்கணக்கில் முடி வளராது. வளர்ந்தாலும் திட்டுத்திட்டாக, நிறம் மாறி வரலாம். இந்தக் கடையில் இவ்வகை நாய்களை மழிக்க மறுத்துவிடுகிறார்கள். அதற்குப் பதில் ரேக் எனும் அகலப் பல் வாரியால் உதிர்ந்த உள்முடியை எடுத்துவிடுகிறார்கள். காற்று தோல்வரை போக அதுவே வழி. கத்தி வைத்த டி-ஷெட்டிங் கருவிகளில் முடி கொத்துக் கொத்தாக வருவதைப் பார்த்து மகிழ்ந்துபோய் இழுத்துக்கொண்டே இருந்தால், நல்ல மேல்முடியும் அறுபட்டுப் போகும்.

கிளிப்பர் பிளேடுகளில் எண் கூடக்கூட மிஞ்சும் முடி குறையும். வீட்டுக்கு வாங்குகிறவர்கள் தடுமாறும் இடம் இது. 4 எஃப் பிளேடு சுமார் 9 மில்லிமீட்டர் முடியை விடும். 7 எஃப் சுமார் 3. 10 சுமார் ஒன்றரை. 40-ஆம் எண் கால் மில்லிமீட்டர்தான் விடும். அறுவை சிகிச்சைக்கு முன் மருத்துவமனையில் மழிப்பது அதில்தான். எந்த எண்ணாக இருந்தாலும் ஓடிக்கொண்டிருக்கும் பிளேடு சூடாகும். அந்தப் பெண் சில நிமிடத்துக்கொரு முறை பிளேடைத் தன் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பார்க்கிறார். சுட்டால் உடனே வேறு மாற்றுகிறார். இடையிடையே ஒரு சொட்டு எண்ணெய். கிளிப்பர் பட்ட இடத்தில் நாய் நாள் முழுக்க நக்கிக்கொண்டிருந்தால், பல சமயம் காரணம் சூடான பிளேடு அல்லது மழுங்கிய பிளேடு.

கத்தரிக்கோல்களை அந்தப் பெண் யாரிடமும் தருவதில்லை. நல்ல தொழில்முறைக் கத்தரிக்கோலின் அலகு வெளிப்பக்கம் மெல்லப் புடைத்து, விளிம்பு மயிரிழையாக இறங்கும். தெருவில் வரும் சாணைக்காரர் சமையல் கத்திக்குப் பிடிப்பதுபோல் தட்டையாகச் சாணை பிடித்தால் அந்த வளைவு போய்விடும். பிறகு அது முடியை வெட்டாமல் மடிக்கும். இதற்கென்றே பழகியவரிடம் அனுப்பி வாங்குகிறார்கள்.

தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர். மனிதத் தோலின் பிஎச் 5.5-ஐ ஒட்டியது, நாயின் தோல் நடுநிலையான 7-ஐ ஒட்டியது, மேல்தோலும் நம்முடையதைவிட மெலிது. நம் ஷாம்பூவோ பாத்திரம் தேய்க்கும் திரவமோ அதை வறட்டிவிடும். மணிப்பூர் இளைஞர் நாய் ஷாம்பூவைக் குவளைத் தண்ணீரில் கரைத்துத்தான் ஊற்றுகிறார். கெட்டியாக ஊற்றினால் அலசித் தீராது, மிச்சம் அரிக்கும். அதைவிடப் பெரிய வேலை உலர்த்துவது. சென்னைக் காற்றின் ஈரப்பதத்தில் அடர்ந்த முடி தானாக உலர வெகுநேரம் எடுக்கும். அதற்குள் அடியில் பூஞ்சையும் பாக்டீரியாவும் பெருகிவிடும். ப்ளோயரின் சூட்டைக் குறைத்து, காற்றின் வேகத்தால் தண்ணீரை உதறித் தள்ளுகிறார். கூண்டில் அடைத்துச் சூடான காற்றை விடும் முறை இங்கே கிடையாது. நாய்க்கு வெப்பத்தாக்கம் வர அது போதும்.

அந்த இரைச்சலில்தான் இவர்கள் நாள் முழுவதும் நிற்கிறார்கள். காதில் அடைப்பான், வாயில் முகக்கவசம். பறக்கும் முடியும் பொடுகும் மூச்சில் ஏறாமல் இருக்க முகக்கவசத்தைக் கழற்றுவதே இல்லை. பெண்ணின் வலது மணிக்கட்டில் பட்டை கட்டியிருக்கிறது. கத்தரிக்கோல் பிடிப்பவர்களுக்கு அந்த வலி வராமல் இருப்பது அபூர்வம். முன்னங்கையில் பழைய கடித் தழும்புகள். மூவரும் கடி படுவதற்கு முன்பே போட்டுக்கொள்ளும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டிருக்கிறார்கள். அப்படியும் கடித்தால் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, மறுபடியும் ஊசிக்குப் போகிறார்கள். வீட்டில் தினம் பத்து நிமிடம் வாராமல் விட்டதற்கு நாய் வலியில் விலை கொடுக்கிறது. வலியில் இருக்கும் நாயின் பற்கள் பதிவது இவர்கள் கையில். கட்டணப் பட்டியலில் சிக்குக்கு ஏன் தனித் தொகை என்று கோபப்படுகிறவர்கள் அந்தத் தழும்புகளை ஒருமுறை பார்க்கவேண்டும்.

நோயை முதலில் தொடுவதும் இந்தக் கைகள்தான். விரலிடுக்கில் உண்ணி, மார்க்காம்பருகே சிறு கட்டி, வெளிறிய ஈறு. உண்ணி கடித்த நாய் சாப்பிடாமல் சோர்ந்து, ஈறு வெளுத்திருந்தால் எர்லிக்கியா கிருமியால் வரும் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். உடனே மருத்துவரிடம் அனுப்பிவிடுகிறார்கள். வேப்பேரியில் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போனால் ரத்தப் பரிசோதனை செய்துவிடலாம் என்று வழியும் சொல்கிறார்கள். உண்ணியை மண்ணெண்ணெய் ஊற்றியோ தீக்குச்சியால் சுட்டோ எடுக்கக் கூடாது. தோலை ஒட்டி இடுக்கியால் பிடித்து நேராக இழுக்கவேண்டும். பழுப்பு உண்ணி நாயின் மேல் முட்டையிடுவதில்லை. ரத்தம் குடித்து இறங்கி, சுவர் விரிசலிலும் கூண்டு இடுக்கிலும் ஆயிரக்கணக்கில் இடும். நாய்க்கு மட்டும் மருந்து போட்டுவிட்டுச் சுவரை விட்டால் மறுபடி வரும். மாட்டுக்கு வாங்கிய உண்ணி மருந்தைக் கண்ணளவில் கலந்து நாயைக் குளிப்பாட்டுவது ஆபத்து. எடைக்கு ஏற்ற மருந்தை மருத்துவர்தான் சொல்லவேண்டும்.

நகத்துக்கு வருவோம். டைல்ஸ் தரையில் நடக்கும் அடுக்குமாடி நாய்களுக்கு நகம் தேயாது. தரையில் டக் டக்கென்று ஒலி கேட்டால் வெட்டும் நேரம் வந்துவிட்டது. வெள்ளை நகத்தில் உள்ளே இளஞ்சிவப்பாக ரத்தக்குழாய் தெரியும். கருப்பு நகத்தில் தெரியாது. சீவல் சீவலாக வெட்டி, வெட்டுமுகத்தின் நடுவில் கரும்புள்ளி தெரிந்ததும் நிறுத்தவேண்டும். ரத்தம் வந்தால் ஸ்டிப்டிக் பொடி; இல்லாவிட்டால் சோளமாவை அழுத்திப் பிடிக்கலாம். தரை தொடாத பக்கவாட்டு நகம் வளைந்து சதைக்குள் ஏறுவதைப் பலர் கவனிப்பதில்லை. காதிலும் கவனம் வேண்டும். காதுக் குழாய் எல் வடிவில் திரும்புவதால் பஞ்சுக் குச்சி அழுக்கை உள்ளேதான் தள்ளும். கண்ணுக்குத் தெரியும் பகுதியைத் துடைத்தால் போதும்.

மாலையில் மூன்று மாத பீகிள் குட்டி ஒன்று வந்தது. வயதுக்குரிய ஊசிகள் போட்டாயிற்றா என்று அட்டையை வாங்கிப் பார்த்துக்கொண்டார் கடைக்காரர். குட்டிக்கு எதையும் வெட்டவில்லை. மேசையில் நிற்கவைத்து ஒவ்வொரு பாதத்தையும் பிடித்து விட்டார்கள். கிளிப்பரை அணைத்த நிலையில் முகரக் கொடுத்தார்கள், பிறகு தூரத்தில் ஓடவிட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டு வேகவைத்த கோழி. "வீட்ல தினமும் கால் விரலைப் பிடிங்க, காதைத் தூக்கிப் பாருங்க, வாயைத் திறந்து பாருங்க. திமிரினா விட்டுடுங்க, அடக்காதீங்க" என்று குட்டியின் வீட்டுச் சிறுமிக்குச் சொல்லிக்கொடுத்தார் அந்தப் பெண். சீப்பு வாங்கட்டுமா என்று கேட்ட அப்பாவிடம், இப்போதைக்கு ஒரு ரப்பர் பிரஷ் மட்டும் எடுத்துக் கொடுத்து, ஒரு மாதம் கழித்து நகம் வெட்ட வரச்சொல்லி அனுப்பினார்.