தேம்ஸ் வழியே – 4: கதவைத் தாண்டி

கடலிலிருந்து லண்டனுக்குள் படகில் நுழைய ஒரே வழி தேம்ஸ் வெள்ளத் தடுப்பின் இடைவெளிகள்தான். நகரின் கிழக்கே, தென்கரையில் சார்ல்டனுக்கும் வடகரையில் சில்வர்டவுனுக்கும் இடையே, 520 மீட்டர் அகலத்துக்கு ஆற்றின் குறுக்கே அது நிற்கிறது. ஆண்டின் பெரும்பாலான நாட்கள் திறந்தே கிடக்கும். கப்பலும் படகும் அவை பாட்டுக்குப் போய் வரும். ஆனால் போகும் நேரத்தைப் படகுக்காரர் தீர்மானிப்பதில்லை. கடல் தீர்மானிக்கிறது.

கடலின் ஏற்ற இறக்கம் லண்டனைத் தாண்டி மேற்கே டெடிங்டன் வரை எட்டுகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் லண்டன் பாலத்தடியில் நீர்மட்டம் ஏறக்குறைய 7 மீட்டர் ஏறி இறங்கும். அப்போது ஓட்டம் சில இடங்களில் 3, 4 நாட் (மணிக்குக் கடல் மைல்) வேகத்தைத் தொடும். சிறிய பாய்மரப் படகின் எஞ்சின் தருவதோ 5 நாட். எதிர்த்துப் போனால் டீசல் போகும், கரை நகராது. ஆகவே மெட்வே ஆற்று முகத்துவாரத்தில் உள்ள குவீன்பரோ போன்ற இடத்தில் தங்கி, நீர் முழுதாக வற்றி மறுபடி ஏறத் தொடங்கும் வேளையில் கிளம்புவதுதான் வழக்கம். உள்ளே போகப் போக ஏற்றம் முடியும் நேரம் பிந்துகிறது. அதனால் ஆறு மணி நேர ஏற்றம் மேலேறும் படகுக்கு இன்னும் கொஞ்சம் நீண்டே கிடைக்கும். இலவசமாகக் கிடைக்கும் இந்தத் தள்ளலை வீணாக்கக் கூடாது.

புறப்பட்ட சிறிது நேரத்திலேயே ஷீர்னஸ் எதிரே மிதவைகள் வேலி கட்டிய ஓர் இடம் வரும். 1944 ஆகஸ்டில் தரைதட்டி உடைந்த 'ரிச்சர்ட் மான்ட்கோமெரி' என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பல் அங்கே கிடக்கிறது. அதன் வயிற்றில் சுமார் 1,400 டன் வெடிபொருள் இன்னும் அப்படியே இருக்கிறது. எடுக்கப் போனால் வெடித்துவிடுமோ என்ற அச்சத்தில் எண்பது ஆண்டாகத் தொடாமல் விட்டிருக்கிறார்கள். விலகிப் போக வேண்டியதுதான்.

ஒரே மூச்சில் லண்டன் போக விரும்பாதவர்கள் கிரேவ்ஸெண்டில் நிற்பார்கள். தேம்ஸ் துறைமுக ஆணையத்தின் தலைமையிடம் இந்த ஊரில்தான். 1617இல் இங்கே இறந்த அமெரிக்கப் பழங்குடிப் பெண் போகஹாண்டஸின் சிலை மாதா கோயில் வளாகத்தில் நிற்கிறது. வழிகாட்டி நூல்கள் அதோடு நிறுத்திக்கொள்கின்றன. பசியோடு கரையேறுகிறவருக்கு அதைவிடப் பயனுள்ள செய்தி ஒன்று உண்டு. பஞ்சாபிச் சீக்கியர்கள் நிறைய வாழும் ஊர் இது. 2010இல் திறக்கப்பட்ட குருநானக் தர்பார் குருத்வாரா இந்நாட்டின் மிகப் பெரிய குருத்வாராக்களில் ஒன்று. வெள்ளைப் பளிங்கும் குவிமாடமுமாக ஆங்கிலேயச் செங்கல் வீடுகளுக்கு நடுவே அது திடீரென்று எழுந்து நிற்கும்.

அங்கே லங்கர் என்ற இலவசப் பொதுச் சாப்பாடு உண்டு. யார் வேண்டுமானாலும் போகலாம். செருப்பைக் கழற்றி வைத்து, தலையைத் துணியால் மூடி, கையைக் கழுவிக்கொண்டு வரிசையில் நின்றால் போதும். எந்த ஊர், என்ன மதம் என்று ஒருவரும் விசாரிப்பதில்லை. உப்புக் காற்றில் தோய்ந்த மழைக்கோட்டோடு வரும் படகுக்காரரையும் அப்படியே ஏற்றுக்கொள்கிறார்கள். சுடச்சுட ரொட்டி, கெட்டியான பருப்பு, ஒரு காய்கறி, தயிர். தட்டில் இடம் தெரிந்தால் இன்னொரு ரொட்டி வந்து விழும். பரிமாறுகிறவர் சம்பளக்காரர் அல்ல. அன்றைய சேவைக்கு வந்தவர். ஆற்றங்கரை விடுதிகளில் எண்ணெய் சொட்டும் மீனுக்கும் வறுத்த உருளைக்கிழங்குக்கும் எண்ணிக் கொடுக்கும் பவுனை நினைத்தால், இங்கிலாந்தின் தென்கிழக்கில் ஒரு படகுக்காரருக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த சாப்பாடு இதுவே என்று தயங்காமல் எழுதலாம். கூடத்தின் சுத்தமும் குறிப்பிடத்தக்கது. அத்தனை பேர் சாப்பிட்டு எழுந்த தரையில் ஒரு பருக்கை கிடையாது. சாப்பிட்ட தட்டை எடுத்துப் போய் உரிய இடத்தில் வைப்பது மட்டும் விருந்தாளியின் பொறுப்பு.

கிரேவ்ஸெண்டுக்கு மேலே டில்பரி துறைமுகம், டார்ட்ஃபோர்டின் உயர்ந்த பாலம், எரித், சேற்றுத் திட்டுகள், கிடங்குகள். பார்க்க ஒன்றுமில்லை. பிறகு மூக்கில் ஒரு வாடை ஏறும். தென்கரையில் கிராஸ்னஸ், வடகரையில் பெக்டன்: லண்டன் கழிவுநீரின் பெரும்பகுதி வந்து சேரும் இரண்டு இடங்கள். 1858 கோடையில் நாடாளுமன்றமே உட்கார முடியாதபடி ஆறு நாறியதால், பொறியாளர் பாசல்ஜெட் பெரும் சாக்கடைகளைக் கட்டிக் கழிவை நகருக்குக் கிழக்கே கொண்டுவந்து விட்டார். நகரம் பிழைத்தது, கிழக்குப் பக்கம் நாறியது. 1878 செப்டம்பர் 3 மாலை, உல்லாசப் பயணிகளை ஏற்றி வந்த 'பிரின்சஸ் ஆலிஸ்' நீராவிப் படகு இந்த வளைவில் ஒரு நிலக்கரிக் கப்பலோடு மோதிப் பிளந்தது. சற்று முன்னர்தான் கழிவுநீரைத் திறந்துவிட்டிருந்தார்கள். இறந்தவர்கள் 600க்கும் மேல். இன்று கழிவு சுத்திகரிக்கப்பட்டே ஆற்றில் விழுகிறது. பெருமழையில் மேலே நகருக்குள் வழியும் சாக்கடைக்காக 25 கிலோமீட்டர் சுரங்கமும் 2025 முதல் முழுதாக இயங்குகிறது. நீரின் பழுப்பு நிறம் வண்டலால் வருவது, அழுக்கு அல்ல. 1957இல் செத்த ஆறு என்று அறிவிக்கப்பட்ட தேம்ஸில் இப்போது கடல்நாய்களே தலைகாட்டுகின்றன.

அந்த விபத்து நடந்த முனையின் பெயர் மார்கரெட்நெஸ். தடுப்பின் கட்டுப்பாட்டு எல்லையும் அங்கேதான் தொடங்குகிறது. படகுக்காரர் வானொலியில் 14ஆம் அலைவரிசையில் 'லண்டன் வி.டி.எஸ்.' என்ற போக்குவரத்து நிலையத்தை அழைத்து, படகின் பெயர், நிற்கும் இடம், போகுமிடம் மூன்றையும் சொல்ல வேண்டும். எந்த இடைவெளி வழியே போகலாம் என்று பதில் வரும். கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பேச்சு அவ்வளவுதான். பெரிய சரக்குக் கப்பலின் மாலுமிக்கும் சின்னப் படகுக்காரருக்கும் ஒரே குரல், ஒரே மரியாதை. அதிகாரத் தோரணை இல்லை. அரசு அலுவலகங்களில் இந்தச் சுருக்கமும் பணிவும் கிடைத்தால் எவ்வளவோ நேரம் மிச்சமாகும். பாயை இறக்கி எஞ்சினில்தான் தடுப்பைக் கடக்க வேண்டும். அதன் அருகே நங்கூரம் போடக் கூடாது. இடையில் வூல்விச் கட்டணமில்லாப் படகுகள் கரைக்குக் கரை குறுக்கே வரும். அவற்றுக்கு வழி விடுவது நல்லது. 1889 முதல் இந்தச் சேவை நடக்கிறது.

தடுப்பு கண்ணில் படும்போது முதலில் தெரிவது வரிசையாக நிற்கும் பளபளப்பான எஃகுக் கூரைகள். ஆற்றில் நாட்டிய தூண்களின் மேல் அவை இருக்கின்றன. உள்ளே கதவுகளைத் திருப்பும் நீரியல் இயந்திரங்கள். மொத்தம் பத்துக் கதவுகள், அவற்றில் ஆறின் வழியே கலங்கள் போகலாம். நடுவிலுள்ள நான்கும் 61 மீட்டர் அகலம், டவர் பாலத்தின் திறப்புக்கு இணையாக. திறந்திருக்கும் வழியில் பச்சை அம்புகள் எரியும். மூடிய வழியில் சிவப்புப் பெருக்கல் குறி.

கதவு எங்கே என்று தேடினால் தெரியாது. நீளவாக்கில் பிளந்த பனந்துண்டு குப்புறக் கிடப்பதற்கு நேர்மாறாக, தட்டைப் பக்கம் மேலே, வளைந்த பக்கம் கீழே என ஆற்றுப்படுகையின் கான்கிரீட் குழியில் அது படுத்திருக்கிறது. படகு அதன் மேல்தான் போகிறது. ஒவ்வொரு பெரிய கதவும் 3,300 டன். மூட வேண்டுமென்றால் இரு முனையிலும் உள்ள வட்டத் தகடுகளோடு அது கால் சுற்றுச் சுழன்று நிமிர்ந்து, ஐந்து மாடி உயரச் சுவராக நிற்கும். ஒரு கதவுக்கு 10, 15 நிமிடம். எல்லாவற்றையும் மூட ஒன்றரை மணி நேரம். கடல் ஏறிய பிறகு மூடுவதில்லை. நீர் வற்றிய உடனே மூடுகிறார்கள். அப்போதுதான் மேலே ஆறு காலியாக இருந்து, மழை வெள்ளத்துக்கும் இடம் கொடுக்கும். 2013-14 குளிர்காலத்தில் 50 முறை மூட வேண்டி வந்தது. பெரும்பாலும் மேற்கேயிருந்து வந்த மழை வெள்ளத்துக்காக.

இதைக் கட்டத் தூண்டியது 1953. ஜனவரி 31 இரவு, வட கடலில் புயல் தள்ளிய நீர் பெரிய ஏற்றத்தோடு சேர்ந்துகொண்டு இங்கிலாந்தில் 307 பேரைக் கொன்றது. 1928இலேயே நடு லண்டனில் 14 பேர் மூழ்கி இறந்திருந்தும் அரசு அசையவில்லை. தடுப்பை 1974இல் கட்டத் தொடங்கி, 1982இல் இயக்கினார்கள். 1984 மே 8இல் அரசி எலிசபெத் திறந்துவைத்தார். செலவு 53 கோடிப் பவுனுக்கு மேல். ஒரு தலைநகரைக் காப்பதற்கு இது மலிவுதான்.

திறந்த வழியிலும் கவனம் தேவை. 1997 அக்டோபரில் அடர்ந்த பனிமூட்டத்தில் 'சாண்ட் கைட்' என்ற மணல் கப்பல் தூணில் மோதி, சுமையைக் கொட்டிவிட்டு ஒரு கதவின் மேலேயே மூக்குக் குத்தி அமிழ்ந்தது. அந்த மணலை அகற்றும்வரை கதவை மூட முடியவில்லை. தூண்களை ஒட்டி நீர் சுழித்து ஓடும். சுக்கான் கையை இழுக்கும். இடைவெளியின் நடுவைப் பிடித்து, நேராக, வேகத்தைக் குறைக்காமல் போனால் ஓரிரு நிமிடத்தில் தூண்கள் பின்னால் போய்விடும்.

அப்புறம் ஓ2 கூடாரம், தலைக்கு மேல் கம்பிவடக் கூண்டுகள், கிரீனிச், வரிசையாக வங்கிக் கோபுரங்கள். சுற்றுலாப் படகுகள் எழுப்பும் அலையில் சமையலறைப் பாத்திரம் உருளும். லைம்ஹவுஸ் படகுக் குளத்தின் லாக் (நீர்ப்பூட்டு) வாயிலில் ஓட்டம் குறுக்கே அடிப்பதால், சற்று மேலே போய்த் திரும்பி, எதிர்நீரில் வேகத்தைக் குறைத்து உள்ளே நுழைய வேண்டும். லாக் காவலர் மேலிருந்து கயிற்றை வாங்கிக்கொள்வார். 1820இல் திறந்த இந்தப் படகுக் குளத்தைச் சுற்றிய தெருக்களில்தான் ஒரு காலத்தில் இந்திய லஸ்கர் மாலுமிகள் அடுத்த கப்பலுக்காகக் காத்துக் கிடந்தார்கள். இப்போது தங்கும் கட்டணம் படகின் நீளத்தை மீட்டரில் கணக்கிட்டு வாங்கப்படுகிறது. மறுபடி வெளியேற எந்த நேர ஏற்றத்துக்கு லாக் வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும்.