அந்த ஒரு "ஆம்"

2022 மார்ச் 4, வெள்ளிக்கிழமை இரவு. கிளிநொச்சியில கரண்ட் இல்லை. மெழுகுதிரி வெளிச்சத்தில தம்பி போனைப் பார்த்துக்கொண்டே, "அண்ணா, ஷேன் வோர்ன் செத்திட்டாராம்" எண்டான். அந்த "ஆம்" எனக்குள்ள குத்தினது. அவுஸ்திரேலியாவின்ர சுழற்பந்து வீச்சாளர், 52 வயதுதான். அதே நாள்தான் இன்னொரு அவுஸ்திரேலிய கிரிக்கெட் வீரர் றொட் மார்ஷின்ர சாவுக்கு இரங்கல் எழுதியிருந்தார்.

மாரடைப்பாக இருக்கலாம் எண்டது முதல் செய்தி. பிறகு, தாய்லாந்தின் கோ சமுய் தீவில அவர் தங்கின அறையில இரத்தம் எண்டு ஒரு செய்தி. யூடியூப்காரர் சிவப்பெழுத்தில "மர்மம்" போட்டிச்சினம். நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்கப் பார்த்தபோது இருமலோட வந்த இரத்தம் எண்டு பொலிஸ் சொன்னதை நான் பார்த்த ஒரு தலைப்பும் சொல்லேல்லை. ஒரு தகப்பனின்ர சாவை இப்பிடியா விற்பது?

மார்ச் 7 அன்று பிரேத பரிசோதனை முடிவு வந்தது: இயற்கை மரணம். மூன்று நாளில பிள்ளைகளுக்குப் பதில் கிடைச்சிட்டுது.

எங்கட கந்தசுவாமி கோவிலடியில, காணாமல் ஆக்கப்பட்டவையின்ர உறவுகள் 2017 பெப்ரவரி 20 இல தொடங்கின போராட்டத்துக்கு அப்ப ஐந்து வருசம் முடிஞ்சு இரண்டு கிழமை. அங்க ஒரு அம்மா மகன்ர படத்தைச் சேலைத் தலைப்பால துடைச்சுக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறன். லமினேட்டுக்குள்ள தண்ணி போய், நெத்திப் பக்கம் வெளிறிப்போயிருந்தது. "இருக்கிறானாம் எண்டும் சொல்லுகினம், இல்லையாம் எண்டும் சொல்லுகினம் தம்பி" எண்டா.