பன்னும் டீயும் ஒரு நூற்றாண்டும்

மும்பையின் இரானி கஃபேக்களுக்குக் கூட்டம் குறையவில்லை. குறைவது கஃபேக்கள்தான்.

காலை ஏழரை மணி. தென் மும்பையின் தோபி தலாவ் சந்திப்பில் போக்குவரத்து இன்னும் சூடு பிடிக்கவில்லை. ஆனால் ஜேர் மஹால் கட்டடத்தின் தரைத்தளத்தில் உள்ள 'கயானி அண்ட் கோ'வில் பாதி மேஜைகள் நிறைந்துவிட்டன. ஒரு மூலையில் பெரியவர் ஒருவர் குஜராத்திப் பத்திரிகையை நான்காக மடித்துப் பிடித்துக்கொண்டு, பன்னை டீயில் தோய்த்துத் தின்கிறார். பக்கத்து மேஜையில், விடுமுறைக்கு வந்த குடும்பம் ஒன்று அதே பன்னை மூன்று கோணங்களில் படமெடுக்கிறது. பெரியவர் பில்லைக் கொடுத்துவிட்டு எழும்போது, அவர்களுடைய டீ ஆறிப்போயிருக்கிறது.

1904ல் தொடங்கிய கடை இது. எதிர்ப்புறம் இருக்கும் மெட்ரோ சினிமாவே 1938ல்தான் வந்தது. உயர்ந்த கூரை, வளைந்த மர நாற்காலிகள், கட்டம் போட்ட மேஜை விரிப்பு, கண்ணாடி ஜாடிகளில் பிஸ்கட். மும்பைக்குச் சுற்றுலா வருபவர்களின் பட்டியலில் கேட்வே ஆஃப் இந்தியாவுக்கு அடுத்தபடியாக இப்படி ஓர் இரானி கஃபேயும் இடம்பிடித்துவிட்டது.

கிடைப்பது ஆடம்பரமான எதுவும் இல்லை. லேசாக இனிக்கும் மெத்தென்ற பன்னைப் பிளந்து, கை தாராளமாக வெண்ணெய் தடவினால் 'பன் மஸ்கா'. மேலோடு மொறுமொறுவென்று கெட்டியாக இருந்தால் அது 'ப்ருன்'. டீயில் தோய்க்காமல் கடித்தால் பல்லுக்குத்தான் சோதனை. வெங்காயம், பச்சை மிளகாய், கொத்துமல்லி போட்டுக் கிளறிய முட்டைக்கு 'அகூரி' என்று பெயர். அசைவப் பிரியர்களுக்குக் கொத்துக்கறியும் பாவும். பாவைப் பிளந்து ஆம்லெட்டை உள்ளே வைத்து மூடினால் மும்பையின் காலை சாண்ட்விச் தயார். ரயிலைப் பிடிக்க ஓடுபவர்கள் இதைத்தான் வாங்குகிறார்கள்.

இந்த எளிய தட்டுக்குப் பின்னால் இரண்டு பயணங்கள் இருக்கின்றன. பார்ஸிகள் குஜராத்தில் கரையேறி ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகிறது. இரானிகளில் பெரும்பாலோர் அதே ஜொராஸ்ட்ரிய மதத்தினர் என்றாலும் மிகவும் பின்னால் வந்தவர்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் யஸ்த், கெர்மான் பகுதிகளிலிருந்து, வறுமைக்கும் மதக் கெடுபிடிக்கும் தப்பி பம்பாய்க்கு வந்தார்கள். தெருமுனைக் கடைகள் ராசியில்லை என்று உள்ளூர் வியாபாரிகள் ஒதுங்கியதால் அவை இவர்களுக்கு மலிவாகக் கிடைத்தன என்று சொல்லப்படுவதுண்டு. இரண்டு பக்கமும் வாசல், இரண்டு தெருவிலிருந்தும் வாடிக்கையாளர். ராசி வேறு மாதிரி வேலை செய்தது.

பாவின் கதை வேறு. பெயரே போர்த்துகீசியச் சொல். கோவாவில் வேரூன்றி, அங்கிருந்து ரொட்டி சுடுபவர்களோடு பம்பாய்க்கு வந்தது. பொருத்தமாக, ஜேர் மஹாலின் மாடிகளில் கோவா கிராமங்களின் 'கூட்'கள் இயங்கிவந்திருக்கின்றன. கப்பல் வேலைக்காக வரும் ஊர்க்காரர்கள் குறைந்த செலவில் தங்குவதற்காக அந்தந்த கிராமம் நடத்தும் விடுதிகள் அவை. மேலே கோவா, கீழே ஈரான்.

யாரோடு யார் உட்கார்ந்து சாப்பிடலாம் என்பதைச் சாதியும் மதமும் முடிவு செய்த காலத்தில், இந்தக் கடைகளில் எல்லோரும் ஒரே மேஜையில் உட்கார்ந்தார்கள். மில் தொழிலாளி, டாக்சி டிரைவர், கல்லூரி மாணவர், வக்கீல் குமாஸ்தா. கையில் சில்லறை இருந்தால் போதும். ஒரு டீயை வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருப்பவர்களை எச்சரிக்கச் சுவரில் அறிவிப்புப் பலகைகளும் உண்டு. அருகிலிருந்த 'பாஸ்தானி' கஃபேயின் பலகையை வைத்து நிஸிம் எஸிகியல் ஆங்கிலத்தில் ஒரு கவிதையே எழுதினார். கவிதை இருக்கிறது. பாஸ்தானி மூடப்பட்டுவிட்டது.

ஒரு காலத்தில் நூற்றுக்கணக்கில் இருந்த கஃபேக்கள் இன்று சில பத்துகளாகச் சுருங்கிவிட்டன. காரணங்கள் பல. படித்த வாரிசுகளுக்கு விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து கல்லாவில் உட்கார விருப்பமில்லை. பலர் வெளிநாட்டில். பங்காளிகளிடையே தகராறு. பன் விற்றுக் கிடைக்கும் லாபத்தைவிட, கடை நிற்கும் இடத்தின் விலை பல மடங்கு.

இப்போது அடுப்புக்கும் சிக்கல் வந்திருக்கிறது. பழைய பேக்கரிகள் பலவற்றில் ரொட்டி வேகுவது விறகுச் சூளையில். 2025 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றம், விறகும் நிலக்கரியும் எரிக்கும் பேக்கரிகள் ஆறு மாதத்துக்குள் எரிவாயு போன்ற தூய எரிபொருளுக்கு மாற வேண்டும் என்று உத்தரவிட்டது. பழைய மரச்சாமான் துண்டுகளை எரிப்பதால் எழும் புகை, நகரத்தின் நுரையீரலுக்குக் கேடு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ப்ருன்னின் மேலோடு மொறுமொறுப்பது அந்தச் சூளையின் சூட்டில்தான் என்கிறார்கள் ரொட்டி சுடுபவர்கள். புதிய அடுப்பின் செலவை ஒரு பாவின் விலையில் எப்படிச் சேர்ப்பது என்பது அடுத்த கேள்வி.

இந்த நிலையில் சுற்றுலாப் பயணிகளின் வருகை ஒரு தெம்பு. ஆனால் அவர்கள் பார்க்க வருவது வெறும் நாற்காலியையும் ஜாடியையும் அல்ல. பத்திரிகையும் கையுமாகத் தினமும் வந்து உட்காரும் அந்தப் பெரியவரையும் சேர்த்துத்தான். கூட்டம் பெருகி, விலை ஏறி, அவருக்கு மேஜை கிடைக்காமல் போனால் மிஞ்சுவது ஒரு அருங்காட்சியகம், அதில் நல்ல டீ.

போக விரும்புபவர்கள் மெரின் லைன்ஸ் ஸ்டேஷனில் இறங்கிப் பத்து நிமிடம் நடந்தால் போதும். ஒன்பது மணிக்கு முன்பே போவது நல்லது. இடமில்லை என்றால் முன்பின் தெரியாதவரின் மேஜையிலேயே உட்காரலாம்; அதுதான் இந்தக் கடைகளின் பழைய வழக்கம். டீ சூடாக இருக்கும்போதே குடித்துவிடுங்கள். படத்தைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.